அந்த இலக்கம் குட்டையாக இருந்தது

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அதிலும் பாதி நாள் தம்பியைப் பார்த்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டேன். இதில் சொல் விட்டுப்போயிருக்கும், முன்னுக்குச் சொல்ல வேண்டியது பின்னுக்கு வந்திருக்கும். ஆட்களின் பெயரும் கிழமையும் இப்போது மறந்து மறந்து போகிறது. இலக்கங்கள் மட்டும் ஒன்றும் மறக்கவில்லை. வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தாரணி மிஸ் கேட்டதால்தான் எழுதுகிறேன். கண்டியில் நான் வேலை செய்த தனியார் ஆஸ்பத்திரியில் கம்பியூட்டர் அறைக்கு இப்போது அவர்தான் பொறுப்பு. நான் வேலையை விட்டு இரண்டு வருஷமாகிறது. போன மாதம் ஒரு கையெழுத்துப் போடப் போயிருந்தபோது என்னை உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார். மெசின்கள் அடுக்கியிருந்த இரும்பு அலுமாரிகளில் பாதி காலியாகக் கிடந்தது.

"இனி மெசினுக்கு மெமரி கூட்டுறது, குறைக்கிறது எல்லாம் தானாவே நடக்கும் அக்கா. யாரும் உக்காந்து டைப் பண்ணத் தேவையில்ல."

"அப்ப அது யாரைக் கேட்டுச் செய்யும் மிஸ்?"

"யாரையும் கேக்காது. தேவைப்பட்டா எடுத்துக்கும், தேவையில்லன்னா விட்டுரும்."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போகும்போது, "நீங்களும் சிவநேசன் சேரும் கையால செஞ்ச காலத்தைப் பத்தி எழுதித் தாங்கக்கா, புதுசா வந்தவங்களுக்குக் குடுக்கலாம். சும்மா ஜாலியா எழுதுங்க" என்றார். ஜாலியாக எழுதத்தான் பார்த்தேன். மூன்று தாள் கிழித்துவிட்டேன். இது நாலாவது.

நான் மஹய்யாவையில், கண்டித் துப்புரவுத் தொழிலாளரின் லயங்களில் பிறந்தவள். ஆஸ்பத்திரிக்குத் துப்புரவு வேலைக்குத்தான் போனேன். வாட்டு, படி, கழிப்பறை என்று பதினோரு வருஷம். கம்பியூட்டர் அறைக்கு என்னைப் போட்டது என் கெட்டிக்காரத்தனத்துக்காக இல்லை. எனக்கு முன்னால் அங்கே கூட்டிய பெண் தரை மெழுகும் மெசினைக் கொழுவ இடமில்லையென்று ஏதோ ஒரு வயரைக் கழற்றிவிட்டாள். இரண்டாம் மாடி முழுக்க கம்பியூட்டர்கள் நின்றுபோயின. அதற்குப் பிறகு, எதையும் தொடாத ஒருத்தியைத் தேடினார்கள். எங்கள் மேற்பார்வைக்காரி என்னைப் பிடித்து முன்னால் தள்ளி, "இவ வாயும் திறக்க மாட்டா, கையும் நீட்ட மாட்டா" என்றாள். அப்படித்தான் போனேன்.

அந்த அறைக்கு நான் பயந்த மாதிரி பிணவறைக்குக்கூடப் பயந்ததில்லை. சன்னல் கிடையாது. குளிர். ஆயிரம் குளவி சேர்ந்து இரைகிற மாதிரி ஒரு சத்தம், இரவு பகல் நிற்காது. இருட்டில் பச்சையும் மஞ்சளுமாகச் சின்ன விளக்குகள் கண்ணைச் சிமிட்டும். முதல் மாதங்களில் நான் அந்த அலுமாரிகளுக்கு முதுகைக் காட்டவே மாட்டேன். சுவரில் முதுகை வைத்துக்கொண்டுதான் தரையைத் துடைத்தேன். குளிருக்கு சுவெட்டரும் குரங்குத் தொப்பியும் போட்டுக்கொண்டு போவேன். மற்றப் பெண்கள் படியில் நின்று, "என்னக்கா, நுவரெலியாவுக்கா பயணம்? வரும்போது லீக்ஸ் ரெண்டு கட்டு வாங்கிட்டு வாங்க" என்று கேலி பண்ணுவார்கள்.

சிவநேசன் சேர் யாழ்ப்பாணத்து ஆள். என்னைவிட வயது குறைவுதான், ஆனாலும் கடைசிவரை என்னை அக்கா, நீங்கள் என்றுதான் கூப்பிட்டார். மெலிந்த உடம்பு. மெதுவான பேச்சு. சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிவப்புப் பேனை. அவருக்குக் கீழே இரண்டு பேர் இருந்தார்கள், ஆனால் அவர்கள் காலையில் போனால் வாட்டு வாட்டாக அச்சு மெசின் திருத்திக்கொண்டு திரிவார்கள். சேர் தனியாகத்தான் அறையில் இருப்பார். அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. ஓடுகிற மெசினில் கை வைப்பதென்றால் தனியாக வைக்கக் கூடாது, பக்கத்தில் இன்னொரு ஆள் இருந்து வாசிக்க வேண்டும்.

ஒருநாள் என்னைப் பார்த்து, "அக்கா, உங்களுக்கு இலக்கம் வாசிக்கத் தெரியுமோ?" என்று கேட்டார்.

"தெரியும் சேர்."

"அது காணும். துடைப்பத்தை வச்சிட்டு இங்க வாங்கோ."

அப்படி ஆரம்பித்தது. முதல் வருஷம் வாசிக்க மட்டும். அடுத்த வருஷம் ஆங்கில எழுத்துகளைப் படம் பார்த்து வரைகிற மாதிரி ஒரு கொப்பியில் வரைந்து, எந்தப் பொத்தான் எது என்று பழகினேன். மூன்றாம் வருஷம் சேர் பக்கத்தில் நிற்க நானே அடித்தேன். பிறகு என் வேலையின் பெயரையும் மாற்றி, 'அறை உதவியாளர்' என்று ஒரு அட்டை கழுத்தில் போட்டுவிட்டார்கள். படியில் நின்ற பெண்கள் "கம்பியூட்டர் நோனா வாறாங்க, வழி விடுங்கடி" என்றார்கள். அட்டையைச் சுவெட்டருக்குள் மறைத்துக்கொண்டேன்.

அந்த வேலை என்னவென்று சொல்ல வேண்டும். எனக்கு விளங்கின மாதிரித்தான் சொல்லுவேன்.

ஒரு பெரிய இரும்புப் பெட்டி. அதற்குள்ளே ஏழு மெசின். ஆனால் திறந்து பார்த்தால் ஏழு இருக்காது, ஒன்றுதான் இருக்கும். ஏழும் இருப்பதாகப் பெட்டி வைத்துக்கொள்கிறது. இதைச் சேர் எத்தனையோ தரம் சொல்லியும் எனக்கு ஏறவில்லை. பிறகு நானே ஒன்று யோசித்துக்கொண்டேன். தோட்டத்து லயம் மாதிரி. கூரை ஒன்று, அதற்குக் கீழே வரிசையாகக் காம்பரா ஏழு, காம்பராவுக்கு ஒரு குடும்பம். ஒரு காம்பராவில் இரத்தம் பரிசோதிக்கிற லெப், ஒன்றில் எக்ஸ்ரே படங்கள், ஒன்றில் மருந்து, ஒன்றில் நோயாளிகளின் பதிவு. மெமரி என்பது காம்பராவின் இடம். ஒரு வீட்டில் ஆள் கூடி இடம் போதாமல் போனால், இடம் சும்மா கிடக்கிற வீட்டிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கொடுக்க வேண்டும். இதைச் சேரிடம் சொன்னேன். அவர் சிவப்புப் பேனையை மூடி வைத்துவிட்டு, "சரிதான் அக்கா. ஆனா ஒரு வித்தியாசம். நாங்கள் சுவரை நகர்த்தேக்க ஆக்கள் உள்ளுக்க இருக்கினம். அடுப்பும் எரியுது" என்றார்.

அன்று முதல் என் பயம் இரண்டு மடங்கானது. அலுமாரிகளுக்குப் பயந்தது போய், உள்ளே இருக்கிற ஆட்களுக்காகப் பயந்தேன்.

இடம் கூட்டுவதில் ஆபத்தில்லை. எடுப்பதில்தான் இருக்கிறது. எப்படி எடுப்பது என்றால், அந்தக் காம்பராவுக்குள்ளே ஒரு பலூனை வைத்து மெல்ல ஊதுவது. உள்ளே இருப்பவர்கள், அதாவது மெசினில் ஓடுகிற வேலைகள், தங்கள் சாமானை ஒதுக்கி ஒதுக்கி வைத்துக்கொள்வார்கள். பலூன் பிடித்த இடத்தைப் பெட்டி எடுத்து அடுத்த வீட்டுக்குக் கொடுக்கும். அளவோடு ஊதினால் ஒருவருக்கும் தெரியாது. அளவு தாண்டினால் உள்ளே மூச்சு முட்டும். "மூச்சு முட்டினா மெசின் என்ன செய்யும் தெரியுமோ அக்கா? உள்ளுக்க இருக்கிறதில ஆகப் பெரிய ஆளைப் பிடிச்சு வெளிய தள்ளிப்போடும். ஆகப் பெரிய ஆள்தான் எங்களுக்கு ஆகவும் வேண்டிய ஆள்." இதைச் சொல்லும்போது சேர் தன் கழுத்தைத் தடவிக்கொண்டார்.

அடிக்கிற வரி ஒரே மாதிரித்தான் இருக்கும். முதல் சொல் எப்போதும் மாறாது. இரண்டாவது, செய்ய வேண்டிய வேலை. மூன்றாவது, எந்தக் காம்பரா. நாலாவது, இலக்கம். கொப்பியின் முதல் பக்கத்தில் சேர் சிவப்புப் பேனையால் இலக்கங்களை எழுதித் தந்திருந்தார். நாலு என்றால் 4194304. ஆறு என்றால் 6291456. எட்டு என்றால் 8388608. ஏன் நாலுக்கு இவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது. ஏழு இலக்கம், சில சமயம் எட்டு இலக்கம். அதற்குக் குறைந்து ஒன்றும் அந்தப் பக்கத்தில் கிடையாது. இருந்தாலும் கொப்பியைப் பார்த்து நானாக அடிக்கக் கூடாது. சேர் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும், நான் அடித்துவிட்டுத் திரையைப் பார்த்துத் திருப்பி வாசிக்க வேண்டும். வாசித்து முடிந்ததும் மூன்று கேள்வி கேட்பார்.

"வாசிச்சாச்சோ?"

"வாசிச்சாச்சு சேர்."

"சந்தேகம் இருக்கோ?"

"இல்ல சேர்."

"கையை எடுத்தாச்சோ?"

கையை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு, "எடுத்தாச்சு" என்று சொன்ன பிறகுதான் "அடியுங்கோ" என்பார். கையை எடுத்துவிட்டு மறுபடி நீட்டும்போது மனிதனுக்குக் கொஞ்சம் புத்தி வரும் என்பது அவருடைய எண்ணம். நெருப்புப் பிடித்தாலும் அந்த மூன்றையும் விட மாட்டார். கேட்டுவிட்டு, பதிலுக்காக உண்மையாகவே காத்திருப்பார். மற்றவர்கள் கேட்கிற மாதிரி வாயால் கேட்டுவிட்டுக் கண்ணை வேறெங்கோ வைத்துக்கொள்ள மாட்டார்.

ஒரே ஒரு தரம் நான் "இருக்கு சேர்" என்று சொல்லியிருக்கிறேன். அது மூன்றாம் வருஷம். வரியின் கடைசியில் வழக்கமாக வராத ஒரு சொல் வந்திருந்தது. அன்றைக்கு அவருக்குக் கீழே இருந்த இருவரும் அறையில் இருந்தார்கள். அந்தச் சொல் ஒன்றும் செய்யாது, ஏற்கெனவே இருப்பதுதான், இன்று வெளியே எழுதியிருக்கிறது, அவ்வளவுதான் என்று சேர் சொன்னார். இருவரில் ஒருவர், பண்டார என்ற பிள்ளை, சிங்களத்தில் ஏதோ சொல்ல மற்றவரும் சேர்ந்து சிரித்தார். கெட்ட பிள்ளை இல்லை, சும்மா சிரித்தான். சேர் அவனைத் திரும்பிப் பார்த்து, "இதில சிரிக்க ஒண்டுமில்லை. அவ ஆயிரம் தரம் பிழையாச் சந்தேகப்படலாம், ஒரு தரம் சரியா வந்தாக் காணும்" என்றார். எனக்குக் காது இரண்டும் சுட்டது. அன்று பஸ்ஸில் போகும்போது ஒன்று முடிவு பண்ணினேன். இனிமேல் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான்.

அதற்குப் பிறகு ஆறு வருஷம் அந்த ஒரே பதிலைத்தான் சொன்னேன்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். அது ஒரு வெள்ளிக்கிழமை என்று நினைக்கிறேன், சோற்றுப் பார்சலை அவிழ்த்து வைத்திருந்தேன், மரக்கறிச் சோறு. சேர் கொழும்பில் மூன்று நாள் பயிற்சிக்குப் போயிருந்தார், புதிதாக வரப்போகும் முறையைப் படிக்க. இருவரில் ஒருவர் லீவு. பண்டார மட்டும் இருந்தான். காலையிலிருந்து மழை. எங்கேயோ மண் சரிந்து கேபிள் அறுந்து வெளி இணைப்பு இல்லை. இருந்திருந்தால் சேர் கொழும்பில் இருந்துகொண்டே தன் கம்பியூட்டரால் உள்ளே வந்திருப்பார்.

தெல்தெனிய பக்கம் ஒரு வேன் புரண்டுவிட்டது. எங்கள் ஆஸ்பத்திரிக்கும் ஆறு பேரைக் கொண்டுவந்தார்கள். எல்லோரையும் எக்ஸ்ரே, ஸ்கேன் என்று படம் எடுக்க, படங்களின் மெசின் திணறிவிட்டது. எடுத்த படம் டாக்டர் மேசையில் திறக்கவில்லை. ஒரு படத்துக்கு ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். பண்டார கீழே ஓடினான். அறையில் நான் தனி. தொலைபேசி அடித்தது. சேர்.

"அக்கா, பண்டார சொன்னவன். படத்துக்கு இடம் காணாது. அவன் அங்கேயே நிக்கட்டும், படம் திறக்குதோ இல்லையோ எண்டு அவன்தான் சொல்ல வேணும். நாங்கள் ரெண்டு பேரும் இதைச் செய்வம். பயப்படாதேங்கோ."

அதற்கு முன்னால் அவர் பயப்பட வேண்டாம் என்று சொன்னதே இல்லை. அதனால் பயந்தேன்.

"பெட்டியில சும்மா கிடக்கிற இடம் எவ்வளவு?"

"ஒண்ணும் இல்ல சேர்."

"லெப்பில?"

"எட்டு இருக்கு. மூணுதான் பாவிக்குது."

"நல்லது. அதை நாலாக்குவம். மிச்ச நாலைப் படத்துக்குக் குடுப்பம். முதல்ல எடுப்பம். வரியை அடியுங்கோ."

தொலைபேசியை வெளியே கேட்கிற மாதிரி வைத்துவிட்டு அடித்தேன். முதல் சொல், இரண்டாம் சொல், லெப். "இலக்கத்தைச் சொல்லுங்க சேர்."

அந்தப் பக்கம் நிறையப் பேர் கதைக்கிற சத்தம் கேட்டது. தாள் புரட்டுகிற சத்தம்.

"நாலு. சைபர். ஒன்பது. ஆறு."

நான்கையும் அடித்துவிட்டு அடுத்ததுக்குக் காத்திருந்தேன். வரவில்லை.

"சேர்?"

"ஓம், வாசியுங்கோ."

கொப்பி என் முழங்கைக்குப் பக்கத்தில்தான் விரித்துக் கிடந்தது. பக்கம் புரளாமல் இருக்கத் தேத்தண்ணிக் கோப்பையை மேலே வைத்திருந்தேன். சிவப்பில் நாலு, அதற்கு நேரே 4194304. திரையில் 4096. நான் இரண்டையும் பார்த்தேன். கண் மங்கல் என்று சொல்ல ஏலாது, நன்றாகப் பார்த்தேன். திரையில் இருந்த இலக்கம் குட்டையாக இருந்தது. ஒன்பது வருஷத்தில் அவ்வளவு குட்டையான ஒன்றை அந்த இடத்தில் நான் பார்த்ததில்லை.

வெளியே தள்ளுவண்டிச் சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டு ஓடியது. யாரோ பெண் அழுதாள். நான் யோசித்தேன்: சேர் கொழும்பில் புதிதாகப் படித்திருப்பார். இப்போது இப்படித்தான் போலிருக்கிறது. கீழே ஆட்கள் கிடக்கும்போது ஐந்தாம் வகுப்புக்காரி இலக்கத்தின் நீளத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தால் என்ன நினைப்பார். அந்தப் பக்கத்தில் எத்தனை பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்களோ. சிரித்தால்?

வாசித்தேன். "நாலு, சைபர், ஒன்பது, ஆறு."

"சரி. சந்தேகம் இருக்கோ?"

அன்றைக்கும் கேட்டார். கேட்டுவிட்டுக் காத்தும் இருந்தார். சுவர் மணிக்கூட்டின் சிவப்பு முள் ஐந்து தரம் நகர்ந்தது. நான் அந்த முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இல்ல சேர்."

"கையை எடுத்தாச்சோ?"

"எடுத்தாச்சு."

"அடியுங்கோ."

அடித்தேன். பெட்டி ஒன்றும் கேட்கவில்லை. பேசாமல் அடுத்த வரிக்குப் போனது. பக்கத்துத் திரையில் லெப்பின் இடம் இறங்க ஆரம்பித்தது. ஏழு. ஆறு. ஐந்து. நாலில் நிற்க வேண்டும். நிற்கவில்லை. மூன்று. இரண்டு.

"சேர், நிக்குதில்ல. இறங்கிக்கிட்டே போவுது."

"என்ன? அக்கா, இலக்கத்தைத் திருப்பி வாசியுங்கோ."

வாசித்தேன். அவர் "ஐயோ" என்றார். அந்தச் சொல்லை அவர் வாயில் நான் கேட்டது அந்த ஒரு தரம்தான்.

எல்லாம் முடிந்த பிறகுதான் காரணத்தை எனக்கு விளங்கப்படுத்தினார். கொழும்பில் படித்த புது முறை அரிசியைக் கொத்தால் அளக்கிற மாதிரி அளக்கும். எங்கள் பழைய பெட்டி மணி மணியாக எண்ணுகிற ஜாதி. நாலாயிரத்துச் சொச்சம் கொத்து என்று நினைத்து அவர் சொன்னார். நாலாயிரத்துச் சொச்சம் மணி என்று பெட்டி எடுத்துக்கொண்டது. ஒரு வீடு நிறைய ஆட்கள் இருக்கிற காம்பராவை ஒரு தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கச் சொல்லியிருக்கிறோம்.

அந்த "ஐயோ" காதில் விழுந்ததும் நான் யாரையும் கேட்கவில்லை. கொப்பியைப் பார்த்து 8388608 என்று அடித்துத் தட்டிவிட்டேன். வாசிக்கவில்லை, கையை மடியில் வைக்கவில்லை. இடம் திரும்பி ஏறியது. ஆனால் உள்ளே அதற்குள் ஆகப் பெரிய ஆளை வெளியே தள்ளியாகிவிட்டது. இரத்தப் பரிசோதனை முடிவையெல்லாம் பிடித்து வைத்திருந்த ஆள் அதுதான். லெப் மெசின் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு ரிஸ்வி வந்தார். அவர் லெப்பில் வேலை, திகனக்காரர், எப்போதும் பகிடி விடுகிற ஆள். அன்று முகம் வெள்ளையாக இருந்தது.

"என்னத்தச் செஞ்சீங்க அக்கா? எங்கட ஸ்க்ரீன் அத்தனையும் ஒரே நேரத்துல மௌத்தாப் போச்சி! ஒப்பரேசன் தியேட்டர்ல ஒரு பொம்புளப் புள்ள கெடக்குது, வேன்ல வந்தது. அதுட ரத்தம் என்ன குரூப்புன்னு இப்பத்தான் ஏறினது, எழுதி எடுக்கல்ல, ப்ரிண்டும் எடுக்கல்ல. எத்தன நிமிசத்துல வரும்?"

நான் தொலைபேசியைக் காட்டினேன். அதிலிருந்து சேர்தான் பேசினார். "ரிஸ்வி, அதை நம்பி நிக்காதேங்கோ. திரும்பவும் இரத்தம் எடுத்துக் கையால பாருங்கோ. இப்பவே போங்கோ."

ரிஸ்வி ஓடினார். கதவு மூடாமல் திறந்தே கிடந்தது. அதற்குள்ளால் தியேட்டர் பக்கத்திலிருந்து டாக்டர் ஒருவர் கத்தியது கேட்டது. "லே கோ? லே கோ?" இரத்தம் எங்கே, இரத்தம் எங்கே என்று. எனக்கு அவ்வளவு சிங்களம் விளங்கும். இன்றைக்கும் பஸ்ஸில் யாராவது உரத்து "கோ?" என்று எதையாவது கேட்டால் என் கை தானாக மடிக்குப் போய்விடும்.

நாற்பது நிமிஷம். லெப் காம்பராவை ஒவ்வொரு வரியாக எழுப்பினோம். பண்டாரவுக்குச் சொல்லி வேறொரு மெசினை முழுவதும் மூடிப் படத்துக்கு இடம் கொடுத்தோம். ஒவ்வொரு வரிக்கும் சேர் மூன்று கேள்வியையும் கேட்டார். அந்த அவசரத்திலும் ஒன்றையும் விடவில்லை. "சந்தேகம் இருக்கோ?" என்று கேட்கும்போதெல்லாம் மணிக்கூட்டுப் பக்கம் பார்க்காமல் பதில் சொன்னேன். "இல்ல சேர். இல்ல சேர்." இருபது தரமாவது சொல்லியிருப்பேன்.

அந்தப் பிள்ளைக்கு முதலில் யாருக்கும் ஏற்றக்கூடிய இரத்தம் இருந்ததைக் கொடுத்து, பிறகு ரிஸ்வி கையால் பார்த்துச் சொன்னதைக் கொடுத்தார்களாம். அது பிழைக்குமா இல்லையா என்று மாலை ஐந்து மணிவரை ஒருவருக்கும் தெரியாது. நான் தியேட்டர் மாடிப்படியில் துடைக்கத் துணி வைத்துக்கொண்டு நின்றேன். அது என் வேலையே இல்லை. ஒரே படியைத் திரும்பத் திரும்பத் துடைத்தேன். அந்தப் பிள்ளையின் புருஷன் மேல் படியில் உட்கார்ந்து அவளுடைய செருப்பை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "படி ஈரமா இருக்குங்களே, நான் எழும்பணுமா?" என்று கேட்டார். நான் இல்லை என்று தலையாட்டினேன்.

பிழைத்துவிட்டாள். ஒன்பது நாள் கழித்து வீட்டுக்குப் போகும்போது பார்த்தேன். சக்கர நாற்காலியில் இருந்தாள், தையல்காரப் பிள்ளையாம். "அக்கா, லிப்டு எந்தப் பக்கம்?" என்று சிரித்துக்கொண்டு என்னிடம்தான் கேட்டாள். கையால் காட்டினேன்.

விசாரணை வைத்தார்கள். சேர் தன் கையால் அறிக்கை எழுதினார். அலுவலகத்து மிஸ் ஒருவர் அதை எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார். 'நான் பிழையான இலக்கத்தைக் கொடுத்தேன், உதவியாளர் அதை முறைப்படி திருப்பி வாசித்தார், அடிப்பதற்கு முன் கேட்கப்பட்டது, யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை, பொறுப்பு முழுவதும் என்னுடையது.' இப்படி இருந்தது. "சரிதானே அக்கா? சரின்னா இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க." நான் போட்டேன். என் பெயரை முழுதாக எழுதக் கொஞ்ச நேரம் எடுக்கும். அந்த நேரத்திலாவது சொல்லியிருக்கலாம்.

சொன்னால், தெரிந்துகொண்டா அடித்தாய் என்று கேட்பார்கள். துடைப்பத்துக்கே திருப்பி அனுப்புவார்கள், அல்லது வீட்டுக்கு. இலக்கம் குட்டை என்று உனக்கு எப்படித் தெரியும் என்று நாலு பேர் முன்னால் விளங்கப்படுத்தச் சொல்லுவார்கள். கடைசியாகச் சொன்னதுக்குத்தான் ஆகவும் பயந்தேன் என்று இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது.

சேரைப் பொறுப்பிலிருந்து எடுத்து, கீழே பழைய கம்பியூட்டர்ச் சாமான் வைக்கிற ஸ்டோருக்குப் போட்டார்கள். ஆறு மாதம் இருந்தார். பிறகு வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டார். போகிற அன்று அறைக்கு வந்தார். நான் எழுந்து நின்றேன்.

"இருங்கோ அக்கா. கொப்பி இருக்கோ?"

"இருக்கு சேர்."

"கவனமா வச்சிருங்கோ." கொஞ்ச நேரம் அந்தச் சிமிட்டுகிற விளக்குகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அண்டைக்கு நான் கேட்டாப் பிறகு நீங்கள் கொஞ்ச நேரம் பேசேல்லை. லைன் கட்டாகிப் போச்சோ எண்டு நினைச்சன்."

நான் கழுத்து அட்டையைச் சுவெட்டருக்குள் தள்ளிக்கொண்டேன். "சரி, நான் வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தாரணி மிஸ், இதைப் புதியவர்களுக்குக் கொடுப்பதற்கு முன்னால் தெரிந்த யாரையாவது கொண்டு சரிபார்க்க வேண்டும். வேன் வந்தது வெள்ளிக்கிழமைதானா, நாற்பது நிமிஷமா அதற்கு மேலேயா, எனக்கு நிச்சயமில்லை. ரிஸ்வியைக் கேட்டால் சொல்லுவார். பலூனைப் பற்றி நான் எழுதினதிலும் பிழை இருக்கலாம். இலக்கங்களைச் சரிபார்க்க வேண்டியதில்லை, கொப்பியை இதோடு அனுப்புகிறேன், முதல் பக்கத்தில் கோப்பை வைத்த வட்டம் இருக்கிறது.

இன்னும் ஒன்று. சேர் எழுதின அறிக்கை அலுவலகத்து அலுமாரியில் நீலப் பைலில் இருக்கும். கடைசிப் பக்கத்தில், என் கையெழுத்துக்கு மேலே, யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை என்று ஒரு வரி இருக்கிறது. அதை வெட்டிவிட்டுத் திருத்தி எழுதச் சொல்லுங்கள். அதற்கு என்னைக் கூப்பிட்டு விசாரித்தாலும் வருகிறேன். சிவநேசன் சேரின் விலாசம் யாரிடமாவது இருந்தால், திருத்தினதை அவருக்கும் அனுப்புங்கள். அன்றைக்கு லைன் கட்டாகவில்லை சேர். சந்தேகம் இருந்தது.